கல்லுக்கும் ஜாதகம் பார்க்கும் சீமை

2018 மே மாதம் திருப்பதியில் டீக்கடை முதல் டி.வி. விவாதம் வரை எல்லோரும் ஒரே ஒரு கல்லைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். திருமலைக் கோயிலின் தலைமை அர்ச்சகராக இருந்த ஏ.வி. ரமண தீட்சிதலு, ஏழுமலையான் நகைகளில் இருந்த இளஞ்சிவப்பு வைரம் ஒன்று காணாமல் போய்விட்டது என்றும், ஜெனீவாவில் ஏலத்துக்கு வந்த கல் அதுவாக இருக்கலாம் என்றும் குற்றம்சாட்டினார். தேவஸ்தானம் உடனே மறுத்தது. அது வைரமே இல்லை, மாணிக்கம். மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார் 1945-ல் கொடுத்த ஆரத்தில் இருந்த கல். 2001 கருட சேவையின்போது பக்தர்கள் வீசிய நாணயம் பட்டு உடைந்துவிட்டது. 1952-ல் எழுதப்பட்ட திருவாபரணப் பதிவேட்டை வைத்து நீதிபதி வாத்வா குழுவும் நீதிபதி ஜகன்னாத ராவ் குழுவும் நகைகளை ஏற்கெனவே சரிபார்த்துவிட்டன. இதுதான் தேவஸ்தானத்தின் பதில்.

"காசு பட்டு ரத்தினம் உடையுமா?" என்று அப்போது பலரும் கேட்டார்கள். உடையும். மாணிக்கமும் உடையும், வைரமும் உடையும். கீறல் விழாத கல் என்பதும் அடிபட்டால் தாங்கும் கல் என்பதும் வேறு வேறு. வைரத்தைச் சரியான திசையில் ஒரு தட்டுத் தட்டினால் பிளந்துகொள்ளும். பட்டை தீட்டுகிறவர்கள் அந்தக் குணத்தை வைத்துத்தான் காலங்காலமாகக் கல்லைப் பிளந்தார்கள்.

அந்தச் சர்ச்சையில் அரசியல் இருந்தது, கோயில் நிர்வாகத்துக்குள் இருந்த சண்டையும் இருந்தது. அதற்குள் இப்போது போக வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வாதாடியவர்களில் பெரும்பாலோர் அந்தக் கல்லைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. சண்டை முழுக்க அது என்ன கல், எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது என்பதைப் பற்றியே நடந்தது. கல்லின் அழகைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அதே கேள்வி இப்போது திருப்பதி காந்தி ரோட்டிலும் சித்தூர் பஜாரிலும் நகைக்கடைக் கவுன்ட்டருக்கு வந்துவிட்டது. கல்யாணத்துக்கு வைரத்தோடு பார்க்க வருகிற குடும்பம், டிசைனைப் பார்ப்பதற்கு முன்பே கேட்கிறது: "இது லேபா, ஒரிஜினலா?"

வைரம் விளைந்த மண்

இந்தக் கேள்விக்கு இந்தப் பக்கத்தில் கூடுதல் கனம் உண்டு. ராயலசீமை வைரம் விளைந்த பூமி. அனந்தபூர் மாவட்டத்து வஜ்ரகரூர் பெயரிலேயே வைரத்தை வைத்திருக்கிறது. கர்னூல் மாவட்டத்தில் துக்கலி, ஜொன்னகிரி வட்டாரங்களில் முதல் மழை பெய்ததும் மானாவாரி நிலங்களில் ஆட்கள் குவிவார்கள். பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் குடும்பத்தோடு வந்து, சாலையோரம் கூடாரம் போட்டு, குனிந்த தலை நிமிராமல் செம்மண்ணைத் துழாவுவார்கள். மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு போனதும் ஏதாவது ஒரு கல் கண்ணில் மினுங்காதா என்ற ஆசை. யாரோ ஒரு விவசாயக் கூலிக்குக் கல் கிடைத்தது, வியாபாரி லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கினார் என்று ஜூன் மாதச் செய்தித்தாளில் தவறாமல் ஒரு செய்தி வரும். மற்றவர்கள் பஸ் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் கணக்குப் பார்த்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள்.

18-ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் வைரம் கிடைக்கும் வரை உலகத்துக்கே வைரம் கொடுத்தது பெரும்பாலும் இந்தியாதான். அதிலும் கிருஷ்ணா நதிக்கரையின் கொல்லூர் சுரங்கத்துக்குத் தனி மதிப்பு. கோஹினூர் அங்கே கிடைத்ததாகத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். 17-ஆம் நூற்றாண்டில் அங்கே போன பிரெஞ்சு வியாபாரி தவர்னியே, 60,000 பேர் வேலை பார்த்ததாக எழுதி வைத்திருக்கிறார். இன்று அந்த இடம் புலிச்சிந்தலா நீர்த்தேக்கத் தண்ணீருக்கு அடியில்.

அந்தச் செழிப்பின் ஒரு பங்கு மலையேறித் திருமலைக்கும் வந்தது. கிருஷ்ணதேவராயர் 1513-ல் தொடங்கி ஏழு முறை இங்கே வந்ததையும், நவரத்தினக் கிரீடம் முதலானவற்றைக் கொடுத்ததையும் கோயில் கல்வெட்டுகள் சொல்கின்றன. அந்த நகைகள் இப்போது எங்கே என்று மத்திய தகவல் ஆணையமே 2018-ல் கேட்டது தனிக் கதை. இன்றும் ஆண்டுதோறும் நடக்கும் ஜேஷ்டாபிஷேகத்தில் முதல் நாள் உற்சவரான மலையப்ப சுவாமிக்கு வஜ்ர கவசம், இரண்டாம் நாள் முத்துக் கவசம், மூன்றாம் நாள் தங்கக் கவசம். வைரத்தில் சுவாமியைப் பார்க்க வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். இப்படி ஒரு ஊரில் 'மெஷினில் வளர்த்த வைரம்' என்று யாராவது சொன்னால் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள்.

அடுப்பில் பிறந்த கல்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மெஷினில் வளர்த்த லேப் வைரம் வேறு, அமெரிக்கன் டைமண்ட் என்கிற ஏ.டி. கல் வேறு. ஏ.டி. என்பது சிர்கோனியம் ஆக்சைடு. வைரம் மாதிரி பளபளக்கும். எடை போட்டால் அதே அளவு வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனக்கும். திருச்சியைச் சுற்றிய ஊர்களில் குடும்பம் குடும்பமாகச் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டிப் பிழைத்தார்கள், சீனாவிலிருந்து மெஷினில் அறுத்த கல் மலிவாக வந்து இறங்கும் வரை.

லேப் வைரமோ முழுக்க முழுக்கக் கரி. பூமிக்குள் 150 கிலோமீட்டர் ஆழத்தில் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் நடந்ததை இரண்டு வழியில் இங்கே நடத்திக் காட்டுகிறார்கள். ஒன்று, பயங்கரமான அழுத்தமும் வெப்பமும் கொடுத்துக் கரியை வைரமாக்குவது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி 1954 டிசம்பரில் இதைச் சாதித்தது. இன்னொன்று, சீவிய வைரத் துண்டு ஒன்றை விதையாக வைத்து, மீத்தேன் வாயுவைப் பிளாஸ்மாவாக்கி, அதிலுள்ள கரியைப் படலம் படலமாக அதன் மேல் படிய வைப்பது. சில வாரத்தில் கல் வளர்ந்துவிடும். சூரத்தில் அதிகம் நடப்பது இந்த இரண்டாவது வழிதான்.

கடினம் அதேதான், ஜொலிப்பும் அதேதான். நகைக்கடையில் பேனா மாதிரி வைத்திருப்பார்களே, கல்லில் தொட்டதும் 'பீப்' அடிக்கும் கருவி, அது லேப் வைரத்துக்கும் 'பீப்' அடிக்கும். நாற்பது வருஷம் கல் பார்த்த கண்ணும் லூப் லென்ஸும்கூட அநேகமாகத் தோற்றுப்போகும். பூமி வைரங்களில் பெரும்பாலானவற்றில் நைட்ரஜன் அணுக்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்திருக்கும். அதை வைத்துப் பிரித்துச் சொல்லத் தனி மெஷின் வேண்டும்.

விலை மட்டும் ஒன்றாக இல்லை. ஒரே அளவு, ஒரே தரம் என்றாலும் பூமி வைரத்தின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு, பல இடங்களில் பத்தில் ஒரு பங்குக்கு லேப் வைரம் வந்துவிட்டது. இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. சுரங்க வைரத்தை வைத்தே உலகை ஆண்ட டி பியர்ஸ் கம்பெனி, 2018-ல் 'லைட்பாக்ஸ்' என்ற பெயரில் காரட் 800 டாலருக்கு லேப் வைரம் விற்க இறங்கியது. 2025-ல் கடையை மூடப்போவதாக அறிவித்துவிட்டது. அவ்வளவு வேகமான சரிவு.

நம் அரசாங்கத்துக்கு இதில் தனி ஆசை. இந்தியாவில் இன்று சொல்லிக்கொள்ளும்படி வைரச் சுரங்கம் என்றால் மத்தியப் பிரதேசத்தின் பன்னாதான். சூரத்தில் பட்டை தீட்டுகிற பூமி வைரம் ஏறக்குறைய அத்தனையும் போட்ஸ்வானா, ரஷ்யா என்று எங்கிருந்தோ வருவது. லேப் வைரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. 2023 பட்ஜெட்டில் விதைக் கல்லுக்கான இறக்குமதி வரியை எடுத்தார்கள். ஐந்து ஆண்டுகளில் சுமார் 243 கோடி ரூபாய் செலவழித்து ஆய்வு செய்யச் சென்னை ஐ.ஐ.டி.யில் லேப் வைர மையம் வந்தது. அந்த ஜூனில் பிரதமர் மோடி அமெரிக்க அதிபரின் மனைவிக்குக் கொடுத்த பரிசு 7.5 காரட் பச்சை லேப் வைரம். கொல்லூர் போன்ற சுரங்கங்கள் தந்த கோல்கொண்டா வைரத்தால் பெயர் பெற்ற நாட்டில் இன்று 'உள்ளூர்ச் சரக்கு' என்று மார்தட்டிச் சொல்ல முடிந்தது லேப் வைரத்தைத்தான் என்பது ஒரு வேடிக்கை.

காளஹஸ்தி வாசலில்

வைரத்தைக் காட்டிலும் ராசிக்கல் விஷயத்தில்தான் மனிதர்களின் மனசு நன்றாகத் தெரியும். அதற்கு ஸ்ரீகாளஹஸ்தி போக வேண்டும். ராகு கேது பரிகாரத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து நாள் தவறாமல் வேன் வேனாக வந்து இறங்குகிறார்கள். கிரகணத்தன்றும் நடை சாத்தாத கோயில். பூஜை முடித்து வெளியே வருகிறவர்களின் மனசில் அடுத்த யோசனை பெரும்பாலும் மோதிரம். ராகுவுக்குக் கோமேதகம், கேதுவுக்கு வைடூரியம், சனிக்கு நீலம், சூரியனுக்கு மாணிக்கம். கல்லின் அடி விரலில் படும்படி கட்டிக் கொடுக்க வேண்டும். நீலம் என்றால் ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் தலையணைக்கு அடியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இங்கே 'லேப் கல்' என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். "அதுல உயிர் கிடையாதுங்க" என்பார்கள். மண்ணுக்குள் யுகயுகமாகக் கிடந்து கிரகத்தின் கதிரை வாங்கிய கல்லுக்குத்தான் பலன், நேற்று அடுப்பில் உருகியதற்கு ஏது பலன் என்பது வாதம். நம்பிக்கையோடு வாதாடிப் பயனில்லை, நானும் வாதாடப் போவதில்லை. நம்புகிறவர்களின் கணக்குப்படியே கடைத்தெருவைப் பார்ப்போம்.

மாணிக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு விஞ்ஞானி அகஸ்ட் வெர்னெய் 1902-லேயே மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டுவிட்டார். அலுமினிய ஆக்சைடு பொடியில் துளி குரோமியம் கலந்து, ஹைட்ரஜன் தீயின் வழியே சொட்ட விட்டால் சில மணி நேரத்தில் சிவப்புக் கட்டி ஒன்று வளர்ந்து நிற்கும். 1907-லேயே இந்த முறையில் ஆண்டுக்கு 1,000 கிலோ கல் தயாராகிக்கொண்டிருந்தது. பர்மாவில் மாணிக்கம் தோண்டிய ஆங்கிலேயக் கம்பெனி 1925-ல் கலைப்புக்குப் போனதற்கு இந்தக் கல்லும் ஒரு காரணம். ஆகையால், பாட்டியின் 'பர்மா கெம்பு' அட்டிகையைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில் ஒரு தடவை பாருங்கள். பூமியில் விளைந்த மாணிக்கத்துக்குள் தெரியும் வளர்ச்சிக் கோடுகள் நேராகவும் கோணமாகவும் இருக்கும், ஊசி ஊசியாகப் பட்டிழைகள் இருக்கும். இந்தத் தீக்கல்லில் கிராமஃபோன் தட்டு மாதிரி வளைந்த கோடுகளும், குண்டுகுண்டாகக் காற்றுக் குமிழும் தெரியும். தெரிந்தால் மனசு உடையத்தான் செய்யும். ஆனால் அந்த அட்டிகையைப் போட்டுக்கொண்டு நடந்த கல்யாணங்கள் பொய்யாகிவிடுமா என்ன?

'பூமிக் கல்' என்று விற்கும் மாணிக்கத்தில் இதைவிடப் பெரிய வில்லங்கம் இருக்கிறது. விரிசல் விழுந்து ஒன்றுக்கும் உதவாத மட்டமான கல்லை எடுத்து, ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி விரிசலுக்குள் இறக்குகிறார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்த வித்தை இது. வெளியே பார்த்தால் பளிச்சென்று சிவப்பு. ஆசாரி மோதிரத்தை ரிப்பேர் பார்க்கத் தீயைக் காட்டினால் உள்ளே இருக்கும் கண்ணாடி இளகும், எலுமிச்சம்பழச் சாறு பட்டால்கூட அரிக்கும். ஆனாலும் இதுவும் மண்ணிலிருந்து வந்த கல்தான்! ஜோசியர் கேட்ட 'ஒரிஜினல்' இதுதானா?

நீலக்கல்லும் அப்படித்தான். இலங்கையில் 'கெவுட' என்று பால்போல வெளுத்துக் கிடந்த கல்லை யாரும் சீந்தவில்லை. 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை அள்ளிக்கொண்டு போய் உலையில் வைத்துச் சூடேற்றி அசல் நீலமாக மாற்றினார்கள். இன்று சந்தையில் கிடைக்கும் நீலத்தில் பெரும்பகுதி சூடு கண்ட கல். பாதி பூமி, பாதி அடுப்பு. கோமேதகமோ இயற்கையிலேயே அவ்வளவு விலை இல்லாதது. அதை லேபில் செய்வதில் யாருக்கும் லாபமில்லை, பதிலுக்குக் கண்ணாடியைக் கொடுத்து ஏமாற்றுவார்கள். வைடூரியம் என்று காட்டப்படுவதில் நிறைய வெறும் குவார்ட்ஸ், இல்லாவிட்டால் கண்ணாடி நாரில் செய்தது. ஆக, ராசிக்கல் வாங்கப் போகிறவர் லேப் கல்லுக்கு மட்டும் பயந்தால் போதாது.

காதில் ஒன்று, லாக்கரில் ஒன்று

கல்லின் பிறப்பைப் பற்றி யாரும் கவலைப்படாத இடமும் உண்டு. பரதமோ குச்சிப்புடியோ ஆடும் குழந்தைக்கு அரங்கேற்றத்துக்கு வாங்கும் நெற்றிச்சுட்டி, ஜடைநாகத்தில் இருக்கும் கெம்புக் கல் செயற்கையா என்று எந்த அம்மாவும் கேட்பதில்லை. நாகர்கோவில் வடசேரி ஆசாரிகள் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறார்கள்; அந்தப் பெருமை கைவேலைக்கு. ரயிலில் போகும்போது ஏ.டி. தோட்டைக் காதிலும் வைரத்தோட்டைப் பேங்க் லாக்கரிலும் வைத்துவிட்டுப் போகிற மாமிகளை நமக்கெல்லாம் தெரியும். பார்க்கிறவர்களுக்கு அந்த ஏ.டி.யே வைரம், ஏனென்றால் மாமியிடம் வைரம் இருப்பது ஊருக்குத் தெரியும்!

கல்யாணம் என்று வந்தால்தான் முடிச்சு விழுகிறது. சித்தூர் பக்கத்துக் குடும்பங்களில் நகை எடுக்க வேலூருக்கும் தி.நகருக்கும் திருப்பதிக்கும் அலைவது வழக்கம். பெங்களூரில் வேலை பார்க்கும் பெண் சொல்கிறாள்: அதே பணத்துக்கு இரண்டு மடங்கு பெரிய கல் கிடைக்கிறது, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? அம்மாவின் கவலை: சம்பந்தி வீட்டில் தெரிந்தால்? அப்பாவின் கேள்வி: நாளைக்கு அவசரத்துக்கு வித்தால் என்ன வரும்?

அப்பாவின் கேள்விக்குத்தான் நேர்மையான பதில் சொல்ல வேண்டும். லேப் வைரத்தைத் திரும்ப விற்கப் போனால் கையில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது; புதுக் கல்லே வருஷா வருஷம் மலிவாகும்போது பழசை யார் வாங்குவார்? ஆனால் பூமி வைரமும் தங்கம் மாதிரிச் சொத்து என்று நினைப்பது நம் ஊரில் ஒரு பெரிய மயக்கம். பேங்கிலோ அடகுக் கடையிலோ வைரத்தோட்டை நீட்டிப் பாருங்கள். மதிப்பீட்டாளர் முதலில் செய்வது கல் எடையைக் கழிப்பது. தங்கத்துக்குத்தான் கடன். கோல்கொண்டா கல்லானாலும் சூரத்துக் கல்லானாலும் அந்தத் தராசில் இரண்டுக்கும் மதிப்பு பூஜ்யம். வாங்கிய கடைக்கே பில்லோடு போனால் பூமி வைரத்தை ஓரளவு விலைக்கு எடுத்துக்கொள்வார்கள், வேறு கடைக்குப் போனால் பேரம் கசக்கும். வைரத்தைக் காதில் போட வாங்கலாம், சேமிப்பாக வாங்கக் கூடாது. இது இரண்டு வைரத்துக்கும் பொருந்தும்.

மண்ணிலிருந்து வந்தால் புனிதம் என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் உள்நாட்டுப் போருக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்த வைரங்களால்தான் 2003-ல் கிம்பர்லி சான்றிதழ் முறையே வந்தது. நம் பக்கத்திலேயே, 2009-ல் கர்நாடக அமைச்சராக இருந்த காலி ஜனார்த்தன ரெட்டி 40 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள வைரக் கிரீடத்தை ஏழுமலையானுக்குக் கொடுத்தார். 2011-ல் இரும்புத்தாது சுரங்க வழக்கில் சி.பி.ஐ. அவரைக் கைது செய்தபோது அந்தக் கிரீடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று குரல்கள் எழுந்தன. கல் அசல்தான், கொடுத்த பணம் எப்படிப்பட்டது என்பதுதான் கேள்வியாக இருந்தது. அதற்காக லேப் வைரம் சுத்த பசுமை என்று விளம்பரக்காரர்கள் சொல்வதையும் நம்பிவிட வேண்டாம். அந்த மெஷின்கள் குடிக்கும் மின்சாரம் கொஞ்சநஞ்சமல்ல, அது நிலக்கரியிலிருந்து வந்தால் பசுமை எங்கே?

இயற்கையா வளர்ப்பா என்ற இந்த வழக்கில் முத்துக்கு ஏற்கெனவே தீர்ப்பு வந்துவிட்டது. ஜப்பான்காரர்கள் சிப்பிக்குள் கரு வைத்து வளர்த்த முத்து 1920-களில் ஐரோப்பியச் சந்தைக்கு வந்தபோது, இது முத்தே இல்லை என்று வியாபாரிகள் கொதித்தார்கள். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது. அதே தூத்துக்குடியில் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி 1973-ல் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார். இன்று ஐதராபாத் முத்து என்று நாம் வாங்கி வருவது ஏறக்குறைய எல்லாமே வளர்ப்பு முத்துதான். சந்திரனுக்கு முத்து போடச் சொல்லும் ஜோசியர்கூட, அது கடலில் தானாக விளைந்ததா, கரு வைத்து வளர்த்ததா என்று கேட்பதில்லை. வைரத்துக்கும் அந்த நாள் வரும் என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கு, வளர்த்ததை வளர்த்தது என்றே சொல்லி விற்க வேண்டும்.

லேப் வைரம் போலி இல்லை. அதைப் பூமி வைரம் என்று சொல்லி விற்பதுதான் போலி. உலகத் தர அமைப்பு 2015-லேயே இதற்கு ஒரு தரநிலை வகுத்துவிட்டது. வெறுமனே 'வைரம்' என்று சொன்னால் பூமி வைரம் மட்டுமே. மற்றதை லேபில் வளர்த்தது என்று சேர்த்துச் சொல்லியாக வேண்டும். தங்கத்துக்கு 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. எண் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. அந்த எண் தங்கத்தின் தரத்துக்குத்தான் ஜாமீன்; மேலே பதித்த கல்லுக்கு இல்லை. கல்லுக்கு இருப்பது கடைக்காரர் வாய் வார்த்தையும், கேட்டு வாங்கினால் பரிசோதனைக்கூடத்தின் சர்ட்டிபிகேட்டும்தான்.

ஆகவே, கல் வாங்கினால் பில்லில் நான்கு விஷயம் எழுதச் சொல்லுங்கள்: பூமிக் கல்லா லேப் கல்லா, எத்தனை சென்ட், சூடேற்றியதா கண்ணாடி நிரப்பியதா, திரும்பக் கொண்டுவந்தால் எந்தக் கணக்கில் எடுப்பார்கள். சர்ட்டிபிகேட் எண்ணும் கல்லின் விளிம்பில் லேசரில் பொறித்த எண்ணும் ஒன்றுதானா என்று லூப்பை வாங்கி நீங்களே பாருங்கள். காட்டமாட்டேன், எழுதித் தரமாட்டேன் என்று சொல்லும் கடை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அங்கே கல் வாங்காதீர்கள்.